பாகம் பிரிக்காத தொட்டி

பொங்கியண்ணனை ஓரிடத்தில் உட்காரவைக்க ஆண்டவனாலும் ஆகாது. சோற்றுக்கு உட்கார்ந்தால்கூட முதல் கவளம் தொண்டைக்குள் இறங்குமுன் கண் வாசலைத் தாண்டிப் போய்விடும். எருது தண்ணி குடித்ததா, படலைச் சாத்தினோமா, மேற்கே கறுத்திருப்பது மேகமா அல்லது எவனாவது வைத்த தீயா என்று பாதிச் சோற்றில் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் மீதியைத் தின்பார். "கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தவருங்க இவரு" என்று அவர் சம்சாரம் நஞ்சம்மாள் வருகிற ஒறம்பரை சனத்திடமெல்லாம் சொல்வாள். அப்படிப்பட்ட மனுஷன் தலையில் வெயில் கொளுத்துகிற ஒரு வேசகாலம் முழுக்க ஓர் ஆமையைக் கட்டிவைத்தால் என்னவாகும்? பைத்தியம் பிடிக்காததுதான் பாக்கி.

அவினாசி ரோட்டோரம் பைக்காராக் கரண்டுக்குக் கம்பம் நட்டுக்கொண்டு வந்த சமயம் அது. கம்பத்தைப் பார்த்த தோட்டக்காரர்களெல்லாம் கிணற்றில் மோட்டார் ஓடுகிற மாதிரி கனாக் கண்டுகொண்டிருந்தார்கள். பொங்கியண்ணனின் கிணற்றில் மோட்டாருக்கு வேலை இல்லை, தண்ணீரே இல்லை. கருமத்தம்பட்டியிலிருந்து தெற்கே வண்டித்தடத்தில் இறங்கிப் போனால் வருகிற அந்தக் கிணறு அவருக்கும் அவர் தம்பி காளிச்சாமிக்கும் பொது. அப்பன் செத்த பிறகு பூமியைப் பிரித்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள், அண்டா குண்டாவைப் பிரித்தார்கள், குடியிருக்க ஆளுக்கொரு சாளை கட்டிக்கொண்டு நடுவில் கிளுவை வேலியும் போட்டார்கள். கிணற்றை அப்படிப் பிரிக்க முடியாது, ஆகவே முறை வைத்து எருது பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்தார்கள். கிணற்று மேட்டில் புங்கமரத்தடியில் எருதுகள் தண்ணீர் குடிக்கப் போட்டிருந்த கல்தொட்டியையும் பிரிக்க முடியவில்லை. வெட்டினால் இரண்டு பேருக்கும் தொட்டி இருக்காது, கல்தான் இருக்கும்.

பேச்சைப் பிரித்துக்கொண்டது பிற்பாடு. அதுவும் அரைப் பாத்தித் தண்ணீருக்காக. பொங்கியண்ணனின் புகையிலைக் காட்டில் கடைசிப் பாத்தி பாதி நனைந்திருந்தபோது பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. முறை மாறுகிற நேரம். காளிச்சாமி தன் எருதுகளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். மீதிப் பாத்தியை நனைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. "மொறைன்னா மொறைதானுங்" என்றான். "அப்பன் கண்ணை மூடுனதும் எனக்கு நாயம் சொல்ல வந்துட்டியா" என்றார் இவர். அதற்குமேல் வந்த வார்த்தைகளை எழுதினால் இரண்டு பேருக்கும் மரியாதையில்லை. அன்றோடு சரி. அதன் பிறகு அண்ணன் தம்பியிடம் சொல்ல வேண்டியதை எருதிடம் சொன்னார். "நாளைக்கு வாய்க்கால் ஒதுக்கோணும், தெரியுமாடா" என்று எருதைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னால் வேலிக்கு அக்கட்டே காளிச்சாமி மம்முட்டியைத் தேடுவான். இரண்டு குடும்பத்து நாயமும் முழுசாகத் தெரிந்த ஒரே ஜீவன் அந்த எருதுதான்.

காளிச்சாமிக்கு ஒரே மகள், பாவாத்தாள். பெரியவர்கள் பேசாததெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. வேலிச் சந்தில் புகுந்து வந்து, 'பெரீப்பா' என்று பொங்கியண்ணன் மடியைத் துழாவி, அங்கே இருக்கிற வெல்லத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போவாள். நொய்யலில் தண்ணீர் போன ஒரு வருஷம், காலணா அகலத்துக்கு ஓர் ஆமைக் குஞ்சைப் பாவாடையில் முடிந்துகொண்டு வந்து கிணற்றில் விட்டவள் அவள்தான். அதற்கு 'மணியாரர்' என்று பேரும் வைத்தாள். கூப்பிட்டவுடன் வராதாம், சித்தெ நேரம் கழித்துத் தலையை நீட்டி, என்ன சங்கதி என்கிற மாதிரி பார்க்குமாம். ஊர் மணியாரர் காதுக்குப் போனால் கோபித்துக்கொள்வார் என்று தாய் தெய்வாத்தாள் எத்தனையோ தரம் அதட்டியும் அவள் பேரை மாற்றவில்லை. கிணற்றுப் படியில் உட்கார்ந்து அதனோடு வாயாடிக்கொண்டே இருப்பாள். ஆமை சோற்றுத் தட்டு அகலத்துக்கு வளர்ந்துவிட்டது. பாவாத்தாளைப் போன ஐப்பசியில் வந்த ஒரு காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

எழவுக்குப் பொங்கியண்ணன் போகாமல் இல்லை. பங்காளி ஆயிற்றே. முதல் ஆளாகப் போய் நின்றார், காரியத்தில் எதற்கும் கை குறைக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்து வழக்கத்தில் ஒரு வசதி இருந்தது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் கையை நீட்டுவார்கள். துக்கக்காரன் அந்தக் கைக்குள் தன் கையை வைப்பான். எப்படி ஆச்சு, என்ன சொன்னாள், எந்த வைத்தியரைப் பார்த்தீங்க என்று அவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்பார்கள், இவன் சொல்லுவான். சொல்லிச் சொல்லித்தான் கொஞ்சம் ஆறும். பெரியப்பன் என்பவன் துக்கம் கேட்கிறவன் அல்ல, கேட்கப்படுகிறவன். அதனால் பொங்கியண்ணன் தம்பிக்குப் பக்கத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். வந்தவர்கள் இரண்டு பேர் கையையும் பிடித்தார்கள். காளிச்சாமி எல்லோரிடமும் தலையை மட்டும் ஆட்டினான். அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் நின்ற அத்தனை நாளும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லாமலே காரியம் முடிந்தது. ஊரில் யாரும் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பொங்கியண்ணனுக்கு மட்டும் அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. அப்போது பிடித்துத்தான் அவர் பாதிச் சோற்றில் எழுந்திருப்பது அதிகமாயிற்று என்று நஞ்சம்மாள் கணக்கு.

மாசியிலேயே கிணறு வற்றி அடியில் ஒரு குட்டைதான் மிச்சம். ஆழப்படுத்துவதென்று இரண்டு பேரும் ஊர்ப் பெரிய மனுஷர் மூலமாகப் பேசி முடித்தார்கள். கிணறு வெட்டுகிற சீனிவாசலு தன் ஆட்களோடு வந்து இறங்கினான். பாறையை வெடிக்கத் தோட்டா வைக்குமுன் குட்டையை இறைத்தபோது, ஆமை வந்து கூடையில் உட்கார்ந்துகொண்டது. அவன் அதை மேலே தூக்கி வந்து மேட்டில் வைத்தான்.

"யாருதுங்க கவுண்டரே இது?" என்றான் சீனிவாசலு.

காளிச்சாமி அங்கேதான் நின்றிருந்தான். ஆமையைப் பார்த்தான். பார்த்தவன் முகம் போன போக்கைப் பொங்கியண்ணனும் பார்த்தார். அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"தொட்டியில உடு சீனிவாசலு. தண்ணி ஊறுற வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றார், சீனிவாசலுவைப் பார்த்தே.

காளிச்சாமி வேலியைத் தாண்டிப் போனான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே பொங்கியண்ணனுக்குப் பெரிசாக இருந்தது. இந்த ஆமையை உயிரோடு தம்பி கண்ணெதிரில் கிணற்றில் விட்டுவிட்டால், சொல்லாத வார்த்தைக்கு அது ஈடாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். செத்துப்போனால் என்ன ஆகும் என்பதை நினைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

நஞ்சம்மாள் கேட்டதும் தலையில் கை வைத்தாள். "ஆமை பூந்த ஊடும் அமீனா பூந்த ஊடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்க. நீங்க வலியப் போய்க் கூட்டியாந்திருக்கறீங்க."

"ஊட்டுக்குள்ளாறயா உட்டேன்? தொட்டி மேட்டுல கெடக்குது."

"ஆமைக்கு அந்த நாயமெல்லாம் தெரியுங்களா?"

தெரிந்ததோ இல்லையோ, ஆமை தொட்டியில் நன்றாகத்தான் இருந்தது. பொங்கியண்ணன் காலையில் ஒரு கைப்பிடி பண்ணைக்கீரையும் பிய்த்த களியும் போடுவார். அப்புறம் அது தின்றதா என்று பார்க்க வருவார். வெயில் படுகிறதா என்று பார்க்க வருவார். காக்காய் வந்திருக்குமோ என்று வருவார். தோட்டா வெடிக்கிற சத்தம் கேட்டு அது பயந்திருக்குமோ என்று ஓடி வருவார். ஓடி வந்த ஒரு நாள்தான் புழுவைப் பார்த்தார்.

தொட்டியின் அடியில் படிந்த வண்டலில் சிவப்பு நூலாக, நகத்து நீளம்கூட இல்லாமல், கூட்டம் கூட்டமாக நெளிந்தன. தண்ணீரின் மேலே வெள்ளையாக, தலைமயிரைவிட மெலிவாக இன்னொரு தினுசு. கையை விட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு சுருண்டன.  ஆமை ஒரு மூலையில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. புழு அதைத்தான் அரிக்கிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

தொட்டியைக் காலி செய்து, சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, ஊர்ப் பொதுக்கிணற்றிலிருந்து வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். கொஞ்ச நாளில் மறுபடி புழு. மறுபடி தேய்த்தார், மறுபடி வண்டி கட்டினார். பொதுக்கிணற்றில் குடத்தோடு நின்ற பெண்பிள்ளைகள் அவர் காது கேட்கவே பேசினார்கள். "சனம் குடிக்கத் தண்ணியில்லாம தவிக்குது. இவிய ஊட்டு ஆமை தலைக்கு ஊத்திக் குளிக்குதாமா." கேட்டும் கேட்காத மாதிரி வண்டியை ஓட்டினார்.

வேப்பிலையைக் கசக்கிப் போட்டுப் பார்த்தார். தண்ணீர் கசந்ததே ஒழியப் புழு அசரவில்லை. புழுவுக்கு மஞ்சள் ஆகாது என்று யாரோ சொல்ல, உரலில் இடித்து ஒரு போசி நிறையக் கரைத்து ஊற்றினார். ஆமை கல்யாண மாப்பிள்ளை மாதிரி மஞ்சளாக ஆகிவிட்டது. "ஈரோட்டு மஞ்சச் சந்தைக்குக் கொண்டுபோனா நல்ல வெலைக்குப் போகுமுங்க" என்று நஞ்சம்மாள் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து மேலே பேசாமல் விட்டாள். பிறகு மெதுவாக, "ஏனுங்க, கெணத்துல இருந்தப்ப புழு பூச்சியெல்லாம் அதே தின்னு தண்ணியச் சுத்தமா வெச்சிருந்துதுங்களே. இப்ப என்ன வந்துச்சு, பாத்துட்டுச் சும்மா கெடக்குது?" என்றாள்.

"அதுக்கும் வெசனமா இருக்கும்" என்றார்.

அவருக்குத்தான் வெசனம். ராத்திரி புரண்டு புரண்டு படுத்தார். பகலில் கடலைக் காட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிப் பாதி வழியில் திரும்பித் தொட்டிக்கு வந்தார். புழு எங்கிருந்து வருகிறது? தண்ணீரோ ஊரே குடிக்கிற கிணற்றுத் தண்ணீர். தொட்டியைத் தேய்த்த தேய்ப்பில் கல்லே தேய்ந்துவிட்டது. அப்படியானால் யாரோ கொண்டுவந்து போடுகிறார்கள். இந்த எண்ணம் வந்ததும் அடுத்த எண்ணம் தானாக வந்தது. பங்காளிக் காய்ச்சல் என்று சும்மாவா சொல்கிறார்கள்? அண்ணன் பொறுப்பில் இருக்கும்போதே ஆமை செத்துவிட்டால் ஊரைக் கூட்டி நாயம் கேட்கலாம் அல்லவா. நினைத்தவுடனே வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நினைப்பை அவரால் நிறுத்த முடியவில்லை.

சும்மா இருக்க முடியாத மனுஷன் கடைசியில் செய்யக்கூடாததைச் செய்தார். புகையிலைக்காரன் புத்தி எங்கே போகும்? செடியில் பூச்சி விழுந்தால் புகையிலைத் தண்டை ஊறவைத்துத் தெளிப்பார்கள், பூச்சி உதிர்ந்துவிடும். பொங்கியண்ணன் ஒரு பானையில் தண்டை ஊறப்போட்டு, ஆமையை எடுத்து ஈரச் சாக்குக்கு அடியில் வைத்துவிட்டு, பானைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார். சிவப்புப் புழு, வெள்ளைப் புழு எல்லாம் விறைத்து அடியில் போய்ச் சேர்ந்தன. அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தண்ணீரை வழித்து ஊற்றி, பீப்பாயில் இருந்ததில் ஒரே ஒரு தரம் அலசிவிட்டு, மீதியை நிரப்பி ஆமையை உள்ளே விட்டார். கல் குடித்திருந்த புகையிலைச் சாற்றைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

உச்சிப் பொழுதுக்கு வந்து பார்த்தபோது ஆமையின் கழுத்து வெளியே தொங்கியது. கால் நான்கும் துவண்டு மிதந்தன. தொட்டால் இழுத்துக்கொள்ளவில்லை.

பொங்கியண்ணன் அதை வாரித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். "நஞ்சா, தண்ணி கொண்டா, குடிக்கிற தண்ணியக் கொண்டா" என்று கத்தினார். அவள் குடத்தோடு வந்தாள். மூக்கில், வாயில், காலிடுக்கில் ஊற்றி ஊற்றிக் கழுவினார். அப்பன் செத்தபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை. "செத்துப்போச்சுன்னா அவன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நிமிர்ந்தபோது வேலிக்கு அந்தப்புறம் காளிச்சாமி கிளுவைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றானோ.  ஆமை பொழுது சாய்கிறபோது ஒரு காலை மெல்ல இழுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் அவன் அங்கிருந்து போனான்.

தொட்டியை நாள் கணக்கில் ஊறவைத்து, கொட்டி, மறுபடி ஊறவைத்துச் சாறு போன பிறகு ஆமையைத் திரும்ப விட்டார். புழுவும் திரும்ப வந்துவிட்டது. ஆமை கீரையை மோந்துகூடப் பார்க்கவில்லை. இனிப் பொறுப்பதில்லை, கையும் களவுமாகப் பிடிப்பது என்று பொங்கியண்ணன் ஒரு மத்தியானம் கட்டுத்தரையில் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் குந்திக்கொண்டார். கிணற்றுக்குள் இருந்த ஆட்கள் கஞ்சி குடிக்க ஏறிப்போயிருந்தார்கள். உட்கார முடியாமல் முட்டி வலித்தது, முதுகு அரித்தது, இரண்டு தரம் எழப்போய் உட்கார்ந்தார்.

காளிச்சாமி வேலிச் சந்தில் குனிந்து வந்தான். அது பாவாத்தாள் வந்துபோன சந்து. பெரிய ஆள் வருவதற்குத் தோதானதல்ல. தொட்டியருகே குந்தி, துண்டு முடிச்சை அவிழ்த்து, எதையோ ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டான். பொங்கியண்ணன் எழுந்தே விட்டார். அப்போது அவன் பேசுகிற சத்தம் கேட்டது.

"மணியாரரே, இன்னைக்காச்சும் சித்தெத் தின்னுங்க. பொரிதானுங். அவ போடுவாளே, அதேதான், சந்தையில வாங்கியாந்தேன். இங்க ஆரு உங்களைக் கவனிக்கறாங்களோ என்னமோ. அண்ணனுக்கு ஆயிரம் சோலி." இன்னும் ஒரு பொரியைப் போட்டான். பிறகு, "நேத்துச் சொன்னேனில்லீங், அவ கண்ணைத் தொறந்து மணியாரரைக் கேட்டான்னு. அதுக்கப்பறம் தண்ணி கேட்டாளுங். ஒரு மடக்குத்தான் குடிச்சா" என்றான்.

பொங்கியண்ணன் எழுந்த வேகத்திலேயே குந்திவிட்டார். போரில் சாய்ந்துகொண்டார். தம்பியைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் தன் வாயில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. காளிச்சாமி போன பிறகு தொட்டிக்குப் போய் அடியைத் துழாவினார். ஊறி உப்பிய பொரி, அதற்கடியில் அவர் காலையில் போட்ட கீரை, களி, எல்லாம் சேர்ந்து கொழகொழவென்று அழுகிக் கிடந்தது. அந்த அழுகலில்தான் புழு. நாள்தோறும் அண்ணன் ஒரு விருந்து, தம்பி ஒரு விருந்து. இருக்கிறது ஒரே வயிறு. வயிறு நிறைந்த ஆமை புழுவை ஏன் தின்னப்போகிறது?

நோய் தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது. 'நீ போடாதே' என்று தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. எருதிடம் சொல்லலாம் என்று போய் நின்றார். "இதா பார்டா, தொட்டியில..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். செத்த மகளைப் பற்றி ஒரு தகப்பன் பேசியதை ஒட்டுக் கேட்டுவிட்டு, அதை மாட்டின் காதில் போட மனசு வரவில்லை. சீனிவாசலுவிடம் போனார்.

"தம்பிகிட்ட ஒரு சேதி சொல்லோணும் சீனிவாசலு."

"தோட்டா வெச்ச கெணத்துல எறங்கச் சொல்லுங்க, எறங்கறேன் கவுண்டரே" என்றான் அவன். "உங்க ரண்டு பேருக்கு நடுவுல எறங்கமாட்டேனுங்க."

கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டால் ஆமையை விட்டுவிடலாம், பேச வேண்டிய அவசியமே இருக்காது என்றும் தோன்றியது. "எப்பத் தண்ணி வரும்?" என்றார். "பாறை இன்னும் போகுதுங்க. ஆடிக்குள்ள வந்தா நம்ம பாக்கியமுங்க" என்றான் சீனிவாசலு. ஆடி வரைக்கும் ஆமை தாங்காது. அதன் கண்ணோரத்தில் இப்போதே வெள்ளை படர்ந்திருந்தது. பொங்கியண்ணன் வேலி வரைக்கும் போவதும் திரும்புவதுமாக அந்த வாரத்தைக் கழித்தார். சந்துக்குப் பக்கத்தில் புல்லே முளைக்காமல் தடம் விழுந்துவிட்டது. தெய்வாத்தாள் ஒரு தரம் பார்த்து, "என்னுங்க மாமா, எதாச்சும் வேணுங்களா?" என்று கேட்டாள். "கன்னுக்குட்டி அக்கட்ட வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு வந்தார். அவரிடம் கன்றுக்குட்டியே கிடையாது.

கடைசியில் ஒரு மத்தியானம், சோற்றை வைத்த நஞ்சம்மாள் சும்மா ஒரு பேச்சுக்கு, "ஆமை இன்னைக்குக் கழுத்தையே நீட்டலீங்க" என்றாள். கை கழுவாமலே எழுந்து மேட்டுக்குப் போனார். காளிச்சாமி முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியருகே குந்தியிருந்தான்.

"காளி" என்றார்.

வருஷக் கணக்காக அந்தப் பேரை அவர் அவன் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. காளிச்சாமி திடுக்கிட்டு எழுந்து, திருடினவன் மாதிரி துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"நான் வாரேனுங்" என்று நகர்ந்தான்.

"நில்லு. தொட்டியில புழு புடிக்குது, பாத்தியா?"

"பாத்தேனுங்."

"நான் காத்தால கீரையும் களியும் போடறேன். நீ மத்தியானம் பொரி போடறே. அதுக்கு இருக்கறது ஒத்தை வகுறு. தின்னது போக மிச்சம் அழுகிப்போகுது. புழு அதுலதான் வருது. ஆமை சாகக் கெடக்குது."

காளிச்சாமி முதல் தடவையாக அண்ணனை நேராகப் பார்த்தான். "நீங்க போடறீங்களா? நீங்க எங்க கவனிக்கப்போறீங்கன்னு நெனச்சுப்போட்டேனுங்."

"நீ எட்டிக்கூடப் பாக்கமாட்டேன்னு நான் நெனச்சேன்."

 பிறகு காளிச்சாமி கையிலிருந்த பொரியைத் துண்டு முனையில் போட்டு முடிச்சுப் போட ஆரம்பித்தான். "செரீங். இனி நான் போடுலீங். தொட்டி உங்க சாளைக்குத்தான் பக்கம். நீங்களே பாத்துக்கங்க" என்றான். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. ஒரு வேலை போய்விட்ட ஆளின் குரலாக இருந்தது. முடிச்சு விழவில்லை, அவிழ்த்து அவிழ்த்துப் போட்டான்.

பொங்கியண்ணன் எதற்காக வந்தாரோ அது கிடைத்துவிட்டது. திரும்பிப் போயிருக்கலாம். அரைப் பாத்தித் தண்ணீருக்கு விட்டுக்கொடுக்காத மனுஷன், விட்டுக்கொடுக்கச் சொல்லி வந்த இடத்தில், தம்பியின் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

"முடிச்சை அவுறு" என்றார். "நீ போடு. நான் நிறுத்திக்கறேன்."

"ஏனுங்ணா?"

"அது உன்ற புள்ளையோட ஆமை."

 சோறு காய்ந்த கையை வேட்டியில் துடைத்துவிட்டு, துக்கத்துக்கு வருகிறவர்கள் நீட்டுகிற மாதிரி இரண்டு கையையும் தம்பிக்கு முன்னால் நீட்டினார். ஐப்பசியில் நீட்டியிருக்க வேண்டிய கை.

"பாவாத்தாளுக்கு எப்படிடா ஆச்சு? நான் உன்னைக் கேக்கவே இல்லையே, காளி."

காளிச்சாமி அந்தக் கைகளைப் பார்த்தான். 

"நீங்க கேட்டிருந்தா," என்றான், "நான் ஏனுங்ணா ஒரு ஆமைகிட்ட வந்து சொல்லீட்டிருக்கறேன்."

 பொங்கியண்ணன் கையை மடக்காமல் வைத்திருந்தார். காளிச்சாமி துண்டைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, தன் கையைக் கொண்டுவந்து அந்தக் கைக்குள் வைத்தான்.

"அன்னைக்குச் செவ்வாக்கெழமைங்" என்று ஆரம்பித்தான். "நல்லாத்தானுங் வெளையாடிட்டு இருந்தா..."